ஒற்றைப் படி வீடு

மேஜை மேல் சாவியை வைத்துவிட்டுத்தான் குழந்தைவேல் உட்கார்ந்தார். அந்தக் காலத்துச் சாவி. கனமாக இருந்தது.

"உயில் எழுதியாச்சும்மா. எனக்கப்புறம் என் வூடு உங்க பொண்ணுங்களுக்கு. சாட்சிக் கையெழுத்தும் வாங்கிட்டேன்."

சந்திரா சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பார்வையில்லாத சிறுமிகளை வைத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் விடுதி நடத்துகிறாள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர் சுதாகர். அவள் ஏறி இறங்காத தெரு இல்லை. பார்வையில்லாத பிள்ளைகள் என்றதும் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் கையை விரித்தார்கள்.

"நாளைக்கு யாராவது உரிமை கொண்டாடி வந்துடப் போறாங்க ஐயா."

"எனக்கு யாரும்மா இருக்கா? எவனெவனோ பேப்பரை நீட்டுனான். ஒண்ணுத்துலயும் நான் கையெழுத்துப் போடலை. போட்டது இந்த உயில்ல மட்டுந்தான்."

"படி நிறைய இருக்குமாங்க? பிள்ளைங்க தடுக்கி விழுந்துடுவாங்க."

"ஒரே படிதான். கதவு தேக்கு, எங்கப்பா போட்டது. இன்னமும் ராத்திரியில அதைத் தொட்டுக்கினுதான் படுப்பேன்."

சந்திரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சாவுற வரைக்கும் எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்? இப்பவே குடி வந்துடுங்க. வாங்க, வூட்டைக் காட்டுறேன்."

பெரியவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்கார வேணு திரும்பிப் பார்த்தான்.

"அங்கியா பெரியவரே?"

"ஆமாண்டா, நம்ம வூட்டுக்குத்தான்."

அதற்குள் சந்திரா சுதாகருக்குப் போன் போட்டிருந்தாள். மாதக்கணக்கில் கெஞ்சிய வாய், இன்று கொஞ்சம் நிமிர்ந்தே பேசியது.

"சார், ஞாயித்துக்கிழமையே காலி பண்ணிடறோம். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அப்பிடியா மேடம்? கான்ட்ராக்ட் ஆளுங்க இங்கியே வந்து உக்காந்துகினு இருக்காங்க. அட்வான்ஸ் வாங்கிடட்டுமா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"தாராளமா வாங்கிக்குங்க சார்."

முந்திரித் தோப்பைத் தாண்டியதும் தார் ரோடு மண் ரோடாக மாறியது. சற்று தூரம் போனதும் அதுவும் நின்றுவிட்டது. எதிரே கம்பி வேலி.

வேணு வண்டியை அணைத்தான். சந்திராவின் முகத்தைப் பார்க்காமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு எந்தப் பக்கங்க ஐயா?"

பெரியவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிலக்கரிச் சுரங்கப் பள்ளம். அதன் அடியில் ராட்சத இயந்திரம் ஒன்று பெரிய சக்கரத்தைச் சுழற்றி மண்ணை வாரிக்கொண்டிருந்தது.

சந்திரா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"கதவை மட்டுந்தான் கழட்டிக்கினு வர முடிஞ்சுது," என்றார் பெரியவர். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ, சக்கரம் சுத்துது பாருங்க. அதுக்கு இந்தாண்ட, நம்ம வாசப்படி."