சாப்பாட்டு மேசை

பென்சில்வேனியாவில் ஊர் முழுவதும் ஒரு நிலக்கரிக் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்த காலம் அது. சுரங்கத்தில் பாறை சரிந்து செத்த ஆந்திரேயைச் சாக்கில் சுற்றிக் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து அவன் வீட்டு வாசற்படியில் கிடத்தினார்கள். மனைவி லுத்மிலா அவன் முகத்துக் கரியைத் துடைக்கக் குனிந்தபோது, வண்டிக்காரன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "இது வேலை செய்யறவங்களுக்குக் குடுத்த வீடும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு." அவளுக்கு அழுகை நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டாள். எல்லோருமாக அவனைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த மேலாளரின் பங்களாவுக்கு நடந்தார்கள். ஷிப்டுக்குக் கிளம்பிய ஆண்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மேலாளர் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையின் வெள்ளை விரிப்பின்மேல், சூப்புக் கிண்ணங்களுக்கு நடுவே, லுத்மிலா தன் கணவனைக் கிடத்தினாள். "பைத்தியமா உனக்கு? எடுத்துட்டுப் போ!" என்று மேலாளர் கத்தினார். "எங்கய்யா எடுத்துட்டுப் போறது?" என்று அவள் கேட்டாள். "வீடு உங்களுது. ரோடு உங்களுது. கல்லறைத் தோட்டமும் உங்களுது. இவர் ஒருத்தர்தான் என்னோடவர். எங்க வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க." ஷிப்டுக்கு அழைக்கும் சுரங்கத்துச் சங்கு ஊதியது. பங்களா வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர்கூட அசையவில்லை.