கேபிள்தானே, தம்பி?

"உண்மையைச் சொல்லு. நான் சொல்லிக்கொடுத்தது தப்பா, இல்ல வண்டி தப்பா?"

பஸ் டிரைவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்டது இதைத்தானா, அதற்கு முன் வேறு ஏதாவது சொன்னாரா என்று மெக்கானிக்குக்கு இன்று நிச்சயமாகத் தெரியவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்ததில் சில வார்த்தைகள் இடம் மாறியிருக்கலாம். டிரைவர் கடைசிவரை உட்காரவில்லை என்பது நினைவிருக்கிறது. அவர் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது.

மூலையில் அவர்கள் மகனின் மோட்டார் சைக்கிள், முன்சக்கரம் மடங்கிக் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தது.

"ஹெல்மெட் போட்டிருந்தான். பட்டையை மாட்டியிருந்தான். கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் வெளியே எடுத்திருக்கான்" என்றார் டிரைவர், ஒவ்வொரு விரலாக மடக்கி. "எஞ்சினைப் புதுசா கட்டியிருக்கு, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதேன்னு நீ சொன்னே. தாண்டலை. கட்டை வண்டி மாதிரி ஓட்டறேன்னு சிநேகிதனுங்க எல்லாம் கேலி பண்ணாங்க. அப்பவும் தாண்டலை."

"தெரியும் அண்ணே."

"என்ன தெரியும்? பின்னாடி உட்கார்ந்திருந்தவன் நேத்துதான் கண்ணு முழிச்சான். அன்னிக்கு ஆயிரம் முடிஞ்சிருக்கு. முன்னாடி ஒரு லாரி, மேட்டுல ஊர்ந்துக்கிட்டுப் போயிருக்கு. எதிர்ல வேன் தூரத்துல. முந்திடலாம்னு எடுத்திருக்கான். வாங்கினதுக்கப்புறம் அன்னிக்குத்தான் முதல் தடவையா கைப்பிடியை முறுக்கியிருக்கான். வண்டி இழுக்கலை. 'என்னடா, போக மாட்டேங்குது'ன்னு கத்தினானாம்." டிரைவர் மடக்கிய விரல்களைப் பிரித்தார். "அதுக்கப்புறம் பேசலை."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"முந்தணும்னு மனசு வந்துட்டா பாதியில தயங்காதே, முழுசா முறுக்கிச் சட்டுனு வெளியே வந்துடு. தயங்கறவன்தான் சாவான். இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்தினதில்ல. ஊருக்கெல்லாம் ஒழுங்கா ஓட்டிட்டு, பெத்த பிள்ளைக்கு எமனைச் சொல்லிக்கொடுத்தேனா? அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

அவர் குனிந்து, கிடந்த வண்டியின் கைப்பிடியைத் திருகினார். அது தடையில்லாமல் கடைசிவரை திரும்பியது.

"இப்ப நல்லாத்தானே திரும்புது?"

"ஆக்சிலரேட்டர் கேபிளை மாத்திட்டேன் அண்ணே."

"எப்போ?"

"நேத்து."

"போலீஸ்ல இருந்து வந்த வண்டியில, என்னைக் கேக்காம?"

மெக்கானிக் கைத்துணியில் விரல்களைத் துடைத்தார். அவை ஏற்கெனவே சுத்தமாக இருந்தன.

"பழைய கேபிள் எங்கே?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்போ கேபிள்தான் பிடிச்சுக்கிச்சா? நீ போட்ட கேபிள்?"

மெக்கானிக் கைத்துணியை மடித்து வைத்தார். இருபது வருஷக் கடை. டிப்போவில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் வண்டியை அவரிடம்தான் விடுவார்கள். ஒரு வார்த்தையில் போய்விடும் பெயர்.

"ஆமா அண்ணே. மலிவு கேபிள். பாதியில பிடிச்சிருக்கும். நீங்க சொல்லிக்கொடுத்ததுல தப்பில்ல. எல்லாம் என் தப்பு."

டிரைவர் அடிப்பார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். அவர் அடிக்கவில்லை. "ஸ்பானர் பிடிச்சவனெல்லாம் மெக்கானிக்னு நம்பினேன் பாரு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, பல நாள் சுமந்ததை இறக்கி வைத்தவர்போல மூச்சு விட்டார்.

அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி, அப்போதுதான் ஓர் அடி உள்ளே வந்தார்.

"கேபிள்தானே, தம்பி? வேற எதுவும் இல்லையே?"

மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கேபிள் மட்டும்தான் அக்கா."

அந்த அம்மா அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்து அழுதார். மகன் போன பத்தொன்பது நாளில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை என்று டிரைவர் பின்னால் யாரிடமோ சொன்னாராம்.

டிப்போ ஆட்களின் வண்டிகள் கடைக்கு வருவது அந்த வாரமே நின்றுவிட்டது. ஆறு மாதத்தில் கடையும் மூடியது. மெக்கானிக் இப்போது வேறொருவரின் ஷெட்டில் பஞ்சர் ஒட்டுகிறார். பின்னால் உட்கார்ந்திருந்த சிநேகிதன் ஊன்றுகோலுடன் நடக்கிறான். டிரைவர் விபத்தே இல்லாமல் ஓய்வு பெற்று, மாலை போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். தெருவில் யார் புதிதாக வண்டி வாங்கினாலும், "அந்தப் படுபாவி கையில மட்டும் குடுத்துடாதீங்க" என்று எச்சரிப்பது அவர் மனைவிதான்.

மெக்கானிக்கின் சாமான் பெட்டியில் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கிறது; அந்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடி பாதிக்கு மேல் திரும்பாமல் தடுத்தது. அதைப் போட்டதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்குத் தனியாக வந்தவர் சொன்ன வார்த்தைகள் மட்டும் அவருக்கு இடம் மாறவே இல்லை: "அவன் எவ்வளவு முறுக்கினாலும் நாற்பதுக்கு மேல போகாதபடி ஏதாவது பண்ணிக்குடு தம்பி. அவங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம், அவன்கிட்டயும் சொல்லாதே. எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை."