இடப்பக்க மைக்

மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னவர் ஒருமுறை கைதட்டிப் பார்த்தார். எதிரொலி இல்லை. வீடு கட்டி முடித்தவரைப் போல முகத்தில் ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் எங்கள் படுக்கையறை ஒலிபரப்பு நிலையமாகிவிடும். ஊரில் உள்ள பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து கார்ப் பந்தய கேம் ஆடுவார்கள். நாங்கள் இருவரும் அதைத் திரையில் பார்த்து நேரலையில் வர்ணனை செய்வோம். எங்கள் முகம் வராது, குரல் மட்டும்தான்.

கையைக் கடிக்காத செலவில் அவர் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால் கண் பட்டுவிடும். உடைந்துபோன மேசை விளக்கின் கைதான் மைக் ஸ்டாண்டு. மூச்சுக் காற்று மோதாமலிருக்க மைக்குக்கு முன்னால் ஒரு டீ வடிகட்டி, அதன்மேல் என் பழைய காலுறை. இரண்டு மைக்கையும் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் பெட்டி, யாரோ ஒரு பாட்டுக்காரர் வேண்டாமென்று தள்ளிவிட்டது. சத்தம் வருமென்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். வியர்த்துக் கொட்டும். அதற்கு மட்டும் அவரிடம் வழியில்லை.

"மைக்குக்கு முன்பக்கம் மட்டும்தான் காது. முதுகுப் பக்கம் நின்னு நீ கத்தினாலும் அதுக்குக் கேக்காது" என்று சொல்லி, மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக எதிரெதிரே உட்கார வைத்ததும் அவர்தான்.

எனக்கு இடப்பக்கம். வலப்பக்கம் கேட்டேன், வயர் எட்டாது என்றார். பிறந்த வீட்டில் அப்பாவின் வலப்பக்கமாக உட்கார்ந்து வாயடித்தே வளர்ந்தவள் நான்.

அந்த அப்பா என்னோடு பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேம் பார்த்துக் கத்துகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று குதித்தார். நான் அந்தக் கத்துகிறவரையே கட்டிக்கொண்டு, வங்கி வேலையையும் விட்டுவிட்டு, கூடச் சேர்ந்து கத்தவும் ஆரம்பித்தேன். அதோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். மருமகன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். அம்மா சொன்னாள்.

எங்கள் நேரலைக்குக் கீழே கருத்து எழுதுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு ஆசாமிக்குப் படம் கிடையாது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். வாராவாரம் தவறாமல் வந்து ஒன்றையே எழுதுவார்.

'இரண்டாவது ஆள் பேசவே மாட்டாங்களா?'

தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிவிட்டு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இன்றைக்கும் அதையே எழுதினால் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வங்கி வேலைக்கே திரும்ப முயல்வது என்று முடிவு செய்துவிட்டேன். காலையில் என்னவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவர் உடனே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். போன வாரப் பதிவை எடுத்துப் போட்டார். இயர்போனின் இரண்டு முனைகளையும் தன் காதிலேயே மாட்டிக்கொண்டார்.

அதுதான் புதுசு. இதுநாள் வரை ஒரே இயர்போனில்தான் சரிபார்ப்போம். ஒரு முனை அவர் காதில், இன்னொன்று என் காதில். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு எதற்கு இரண்டு இயர்போன்? அவருக்கு அவர் குரல் கணீரென்று கேட்கும். எனக்கு என் குரல்.

கேட்டுக்கொண்டே இருந்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உன் குரல் இடது காதுல மட்டும் வருது. என்னுது வலது காதுல மட்டும். ஆளுக்கொண்ணா மாட்டிக்கிட்டுக் கொஞ்சிக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்?"

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. இயர்போனில் கேட்ட ஒரு பெண் மட்டும் தலை வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். என்னவரின் ஜோக்குகளைச் சொல்கிறாள் என்று நினைத்து நாங்கள் விட்டுவிட்டோம்.

அவர் கம்ப்யூட்டரின் ஒலி அமைப்பில் ஒரே ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். இரண்டு குரலும் இரண்டு காதிலும் சமமாக வந்து உட்கார்ந்தன. தப்பு தன்னுடையது என்று உடனே ஒத்துக்கொண்டு சிரிக்கிற ஆள் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்த்திருந்தது.

பந்தயம் தொடங்கியது. கடைசியாக உருட்டிக்கொண்டு வந்த பச்சைக் கார், வளைவுக்கு வளைவு ஒவ்வொரு காராக முந்தியது. நான் மூச்சு விடாமல் பேசினேன். என்னவர் நடுநடுவே புகுந்து ஜோக் அடித்தார். அதை யாராலும் நிறுத்த முடியாது.

கடைசிச் சுற்றில், எண்கள் வைத்த ஆசாமியின் கருத்து வந்து விழுந்தது. எனக்குப் படிக்கத் தைரியம் இல்லை. பேசிக்கொண்டே என்னவர்தான் கருத்துகள் ஓடும் ஃபோன் திரையை என் பக்கம் திருப்பினார்.

'இப்பத்தான் கேக்குது பாப்பா.'

உலகத்தில் என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிறவர் ஒருவர்தான். அச்சகத்தில் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று இடது காதை அதற்கே கொடுத்துவிட்டு வந்தவர்.

யாருக்கும் தெரியாமல் இயர்போனை மாட்டிக்கொண்டு, இருக்கிற ஒற்றைக் காதில், யார் பேச்சை எடுத்தால் எழுந்து போவாரோ அந்த ஆளையே வாராவாரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் எங்கேயாவது நான் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டேனா என்று.

பச்சைக் கார் எல்லைக்கோட்டைத் தாண்டியது. நான் அந்த ஒற்றை வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தது என்பதை என்னவர்தான் சொன்னார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே போனார்.

கீழே இன்னொரு கருத்து வந்தது.

'மாப்பிள்ளையைக் கொஞ்சம் கம்மியாப் பேசச் சொல்லு.'