வலை போட்ட கூரை

“என்ட வலை எங்க?”

புயல் ஓய்ந்த மறுநாள். பள்ளிமுனையில் சிங்கராசாவின் குடிசை இருந்த இடத்தில் கப்புக் கால்கள் மட்டும் நின்றன. வள்ளம் பார்க்க அரிப்புக்குப் போய், புயலில் மறிபட்டு, பாதி வழி நடந்தே வந்திருந்தான். பக்கத்து வளவில் கிடுகு பொறுக்கிக்கொண்டிருந்த அம்புறோஸ் நிமிர்ந்து பார்த்தான்.

“புது நைலோன் வலையோ? அது உப்புக்குளத்தில ஹமீட் நானாட கூரையில கிடக்கு.”

ஊரிலேயே முதல் நைலோன் வலை. இன்னும் கடலைக் காணாதது. சிங்கராசா ஓடினான்.

புடவைக்கடை அப்துல் ஹமீடின் வீடு ஒல்லாந்தர் காலத்தது. பருத்த சுவர், பீலி ஓடு. முகட்டோரம் ஓடுகள் பறந்து, அடியிலிருந்த மரச் சலாகை தெரிந்தது. கூரை முழுக்க வலை. அதன் நுனிகளில் கல்லுக் கட்டியிருந்தது. ஹமீட் சாரத்தை மடித்துக் கட்டி, ஏணியில் நின்று கத்தியால் வலைக்கண்ணை அறுத்துக்கொண்டிருந்தார்.

“கத்திய அங்கால எடுங்கோ நானா!”

“ஓட்டில கொளுவிக் கிடக்கு. அறுத்தாத்தான் புது ஓடு போடலாம். வானத்தப் பார், திரும்பவும் கறுக்குது.”

“ஓடு உங்கட. வலை என்ட. என்னட்டக் கேட்டோ எடுத்தனீங்கள்?”

“கேக்க நீ ஊரில இல்ல.”

“அப்ப களவுதானே!”

சத்தம் கேட்டுச் சனம் கூடிவிட்டது. ஹமீட் அடுத்த வீட்டைக் காட்டினார். அதுவும் பழைய வீடுதான். கூரையே இல்லை.

“இந்த வலை இல்லாட்டி இதுவும் அப்பிடித்தான்.”

“உன்ட வீடு நிக்க என்ட பிழைப்புத்தான் கிடைச்சுதோ?”

சற்றுமுன்வரை ‘நீங்கள்’. இப்போது ‘நீ’.

“பெட்டகம் கணக்கா வீடு வச்சிருக்கிறவனுக்கு ஏழையிட வலைதான் கண்ணில பட்டிருக்கு!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“நல்லாக் கேள் சிங்கராசா. விடாத!” என்றது இன்னொன்று.

ஹமீடின் முகம் சிவந்தது.

“நீ வந்த நேரத்தில இருந்து நானும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். வலையைப் பத்தி இனி ஒரு சொல்லும் என்னட்ட இல்ல. வேற ஏதும் கேக்க இருந்தாக் கேள்.”

“வேற என்னத்தக் கேக்க? அறுத்த கண்ணுக்கு ஆர் பதில் சொல்லுறது? அதைத்தான் கேக்கோணும்!”

ஹமீட் அடுத்த கண்ணை அறுத்தார்.

சிங்கராசாவுக்குத் தலைக்கேறியது. கல்லுக் கட்டை அவிழ்த்து வீசினான். வலையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டான்.

“இழுக்காத! ஓடு சரியும்! உள்ளுக்க ஆக்கள் இருக்கு!”

“இருக்கட்டும். ஆர் செத்தா எனக்கென்ன?”

சுவரில் காலை ஊன்றி, தோணி இழுக்கிற மாதிரி இழுத்தான். வலை வரவில்லை. ஓடுகள் வரிசையாய்ச் சரிந்தன. உளுத்த சலாகை ஒன்று முறிந்து, ஓடும் மண்ணுமாய் வீட்டுக்குள்ளே விழுந்தது.

உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டது.

“அல்லாவே!” என்று ஹமீட் ஏணியில் இருந்து குதித்தார்.

கதவு திறந்தது. தலையெல்லாம் ஓட்டுத் தூளோடு ஒரு பெண் வெளியே வந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையின் நெற்றியில் இரத்தம். இன்னொரு பிள்ளை அவளுடைய சீலையைப் பிடித்தபடி நின்றது.

சிங்கராசாவின் மனைவி மாக்கிறட்.

வலை சிங்கராசாவின் கையில் இருந்து நழுவியது.

“நீ... இஞ்சயோ?”

“குடிசை பறக்கேக்க பிள்ளையளோட உங்கட வலையையும்தான் இழுத்துக்கொண்டு ஓடி வந்தனான். நானாதான் கதவு திறந்தவர். இந்தக் கூரையும் கிளம்பப் பாத்துது. வலையைப் போடுங்கோ எண்டு குடுத்தது நான்.”

“அதை முதலே வெளிய வந்து சொல்லியிருக்கலாமே!”

மாக்கிறட் சீலைத் தலைப்பால் பிள்ளையின் நெற்றியை அழுத்திப் பிடித்தாள்.

“கதவுக்குப் பின்னாலதான் நிண்டனான். பிள்ளையள் எங்க எண்டு இப்ப கேப்பீங்கள், இப்ப கேப்பீங்கள் எண்டு.”