சுவரொட்டியில் ஒரு மீன்

"மூணு வயசுக்கு இந்த எடை போதாது. என்னதான்மா குடுக்கறீங்க?" குழந்தையை எடை இயந்திரத்திலிருந்து இறக்கியபடி கேட்டேன்.

தாய் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். எனக்கு எரிச்சல். சுகாதார நிலையச் சுவரில் இருந்த சுவரொட்டியைக் காட்டினேன்.

"ஆழ்கடல் மீன். வலை போடாம தூண்டில்ல ஒண்ணொண்ணா பிடிக்கறது. கடலுக்கும் கெடுதலில்ல, குழந்தை மூளைக்கும் நல்லது. பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன் மேடம்."

"பார்த்தா ஆச்சா? பெத்தா மட்டும் போதுமா?"

குழந்தை ஓடிப்போய், சுவரொட்டியில் அந்த மீனைத் தூக்கிப் பிடித்து நின்றவரின் முகத்தைத் தடவியது.

"அப்பா."

தாய் தலைகுனிந்தாள். "பிடிக்கறதெல்லாம் கரையிலேயே பெட்டியில ஏறி பெரிய கடைக்குப் போயிடும் மேடம். அவர் சட்டையில வர வாசனைதான் எங்களுக்கு."

மேசைமேல் என் சாப்பாட்டு டப்பாவில் அந்த மீன்தான் இருந்தது. சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் தள்ளினேன்.