சகாயத்தின் துண்டு

மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் சகாயம் இறந்த அன்று, மற்றவர்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அவன் டூர் போயிருக்கான்" என்று சொல்லிவைத்தாள் ஆயா பிலோமினா. ஏழு மாதம் கழித்து எல்லோரையும் அருவிக்கு டூர் கூட்டிப்போனார்கள். கூச்சல் போட்டுக் குளித்தார்கள். சகாயத்தின் பக்கத்துக் கட்டில்காரன், நாற்பது வயது தனசேகர் மட்டும் குளிக்கவில்லை. குளிக்கிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான். வேன் ஹாரன் அடித்தது.

"வாடா கண்ணு, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள் பிலோமினா.

தனசேகர் தன் பையிலிருந்து சகாயத்தின் பச்சைத் துண்டை எடுத்து, நனையாத பாறையாகப் பார்த்து விரித்தான்.

"அவன் வந்ததும் தலை துவட்டணும்லக்கா."

துண்டு காற்றில் பறந்துவிடாமலிருக்க, பிலோமினா குனிந்து ஒரு கல் தேடினாள்.