வியர்க்காத டிரைவர்

எதிர்வீட்டு பஸ் டிரைவருக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டும். மனைவியே தருகிறாள். அதற்குள் உடம்பை வலுவாக்கினால்தான் சீக்கிரம் தேறலாம் என்று டாக்டர் சொன்னதால், தினமும் மாடிப்படி ஏறி இறங்குவார். நான் கதவைத் திறந்து வைத்துப் பார்ப்பேன்; எனக்கு வேறென்ன வேலை? மனுஷனுக்கு ஒரு சொட்டு வியர்க்காது.

அவர் வீட்டோடு தங்கியிருக்கும், வேலைக்குப் போகாத மச்சினன் உள்ளே சோபாவில் சாய்ந்தபடி, "மாமா, காலைத் தூக்கிப் போடுங்க! ஆமை முந்திடும்" என்பான். அவன் சட்டைதான் தொப்பலாக நனைந்திருக்கும்.

நேற்று பரிசோதனை. காலில் வலுவே ஏறவில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

"நாய் படாத பாடு படறேன். எல்லாம் எங்கதான்டி போகுது?" என்று கத்திய டிரைவர், செருப்பைச் சுவரில் விட்டெறிந்தார்.

மனைவி, தன் தம்பியின் உருண்டு திரண்ட கெண்டைக்காலையே பார்த்தாள். சாயங்காலமே அவனை ஊருக்கு ரயிலேற்றிவிட்டாள்.

இன்று காலையும் டிரைவர் படியேறினார். நெற்றி காய்ந்தே இருந்தது. உள்ளே போன் அடித்தது. ஸ்பீக்கரில் தம்பியின் குரல் என் வாசல்வரை கேட்டது.

"அக்கா, மூச்சு முட்டுது. மாமாவைக் கொஞ்சம் உக்காரச் சொல்லேன்."